காய்ச்சல் விட்ட நாள்

எங்கள் மன்னாரின் கட்டுக்கரைக் குளத்துக்குத் தண்ணீர் தரும் அருவியாற்றின் வழியே 1679 ஒக்ரோபரில் ஓர் ஆங்கிலேயர் வந்தார். பெயர் றொபேட் நொக்ஸ். கண்டி மன்னனிடம் பத்தொன்பது வருடத்துக்கு மேல் சிறைப்பட்டிருந்து, தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தவர். அந்தக் கதை பலருக்குத் தெரியும். என் மனதில் நிற்பது அதற்கு முன்னால் வரும் சின்ன விஷயம். பிடிபட்ட சில மாதங்களில் அவரையும் தந்தையையும் குளிர்காய்ச்சல் பிடித்தது. 1661இல் தந்தை போய்விட்டார். மகனை அது லேசில் விடவில்லை. ஆனாலும் புத்தகமும் கையுமாக வெளியே போய், மரத்தடியில் பொழுதுபடும்வரை இருப்பாராம். காய்ச்சல் முறை வரும் நாளில் மட்டும் தலை தூக்க முடியாது.

மலேரியாவின் குணமே அதுதான். வைவாக்ஸ் கிருமி ஏறக்குறைய 48 மணித்தியாலத்துக்கு ஒருமுறை செங்குழியங்களை உடைத்துக்கொண்டு வெளிவரும். நடுக்கம், சூடு, வியர்வை. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஒரு நாள். அந்த நாளில் அவர் வருத்தக்காரரா, இல்லையா?

எங்கள் பக்கத்து வயற்காரர் இதைப் பெரிதாக யோசித்திருக்கமாட்டார்கள். இன்றைக்கு முறை என்றால் சாக்கைப் போர்த்துக்கொண்டு கிடப்பது, நாளைக்கு வரம்பு கட்டப் போவது. பெரும்போகம் யாருக்காகவும் காத்திராது. விழுந்து கிடந்தால்தான் வருத்தம் என்ற கணக்கு அப்படித்தான் வந்திருக்கவேண்டும். (பெண்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை, உலை வைத்துவிட்டுத்தான் நடுங்கலாம்.)

இலங்கையை விட்டு மலேரியா போய்விட்டது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல்; 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்தது. கணக்கு மட்டும் போகவில்லை. சீனி வருத்தக்காரர், "இப்ப நல்லாத்தானே இருக்கிறன்" என்று குளிசையை நிறுத்திவிடுகிறார். கிளினிக் கொப்பி தட்டியில் செருகியபடி கிடக்கிறது.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது. நல்ல நாள் உண்மையிலேயே நல்ல நாள்தான். அன்றைக்கும் நொக்ஸ் பாயில் கிடந்திருந்தால் அவருக்கு மிஞ்சியிருப்பது காய்ச்சல் மட்டுமே. ஆனால் வைவாக்ஸ் ஈரலுக்குள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து மறுபடி எழும்பும். அதனால்தான் காய்ச்சல் விட்டவருக்கும் 14 நாள் பிறிமாகுயின் கொடுக்கிறார்கள். உடம்பு "சுகம்" என்று சொல்வதில் பொய் இல்லை. ஈரலுக்குள் இருப்பது அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

சான்றிதழ் வந்து மூன்று மாதத்தில், 2016 டிசெம்பரில், மன்னாரில் ஒரு புதிய நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். ஸ்டெபென்சி என்று பெயர். இந்திய நகரங்களில் மலேரியா பரப்புவது. பெருகக் கிணறும் சீமெந்துத் தொட்டியும் போதும் அதற்கு. அதனால் மலேரியா உள்ள நாடுகளுக்குப் போய்வந்தவரிடம் காய்ச்சல் இல்லாவிட்டாலும் இரத்தம் பார்க்கிறார்கள். "எனக்கு ஒண்டுமில்லையே தம்பி" என்று சினப்பவரின் எரிச்சல் எனக்கு விளங்குகிறது. விரலைக் கொடுக்கத்தான் வேண்டும். குத்துகிறவரும், பதில் வரும்வரை அவரை நோயாளி என்று கூப்பிடாமலிருந்தால் நல்லது.