கண்டதும் கருதியதும்

வீட்டில் எடுத்த பழைய ஃபிலிம் சுருளை லேபில் கொடுத்து டிஜிட்டலாக்கி எடிட் செய்வதை வெறும் தொழில்நுட்ப வேலையாகவே எண்ணுகிறோம். அதற்குள் அறக்கேள்வி ஒன்று இருக்கிறது. சூப்பர் 8 ரீல் 50 அடி நீளம். அதில் 3,600 பிரேம்கள். நொடிக்கு 18 பிரேம் வீதம் ஓட்டினால் 3 நிமிடம் 20 விநாடி. ஸ்கேனர் ஒவ்வொரு பிரேமையும் தனிப் படமாகப் பதிகிறது. அதுவரை நம் கையில் இருப்பது, அன்றைக்குக் கேமரா முன் நின்ற மனிதர்மேல் பட்ட ஒளியின் தடம். பிறகு எடிட்டிங்கில் அதை நொடிக்கு 24 அல்லது 30 பிரேமாக மாற்றும்போது, கேமரா காணாத பிரேம்களை மென்பொருள் தானே வரைந்து இடையில் செருகக்கூடும். மங்கிய முகத்துக்குக் கண்ணிமையும் உதட்டோரமும் அதுவே கற்பித்துத் தரும். இறந்துபோனவர் முகத்தில் அவருடையதல்லாத அசைவு ஒன்று ஏறிவிடுகிறது. அப்படிச் செய்ய நமக்கு உரிமை உண்டா?

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், அறியும் வழிகளான அளவைகள் பலவற்றைச் சொல்லி, அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறது. புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதல். அதுவும் அறிவுக்கு நல்ல வழிதான். ஆனால் புகையைக் கண்டவர் நெருப்பையே கண்டேன் என்று சாட்சி சொல்லக் கூடாது. ஸ்கேன் செய்த பிரேம் காண்டலின் பக்கம் நிற்கிறது. மென்பொருள் நிரப்பியது கருதல். டப்பாவின் மேல் யாரோ எழுதிவைத்த பெயரும் தேதியும் உரை. மூன்றும் நமக்கு வேண்டும். ஒன்றை இன்னொன்றாகக் காட்டுவதுதான் பிழை. இறந்தவர் விஷயத்தில் பெரும்பிழை, ஏனென்றால் மறுத்துச் சொல்ல அவர் வரமாட்டார்.

சேர்ப்பதைப் போலவே வெட்டுவதும் பிழையாகலாம். 1938இல் டேவிட் கர்ட்ஸ் என்ற அமெரிக்கர் ஐரோப்பியச் சுற்றுலாவின்போது போலந்தின் நாசியெல்ஸ்க் ஊரை 16 மி.மீ. கேமராவில் எடுத்தார். சுமார் மூன்று நிமிடப் படம். கேமராவைக் கண்டு துள்ளும் சிறுவர்கள், முண்டியடித்து முன்னே வரும் கூட்டம், வேறொன்றும் பெரிதாக இல்லை. அந்த ஊரில் அப்போது சுமார் 3,000 யூதர்கள் வாழ்ந்தார்கள். நாஜி இனப்படுகொலைக்குத் தப்பியவர்கள் 100 பேருக்கும் குறைவு. பேரன் கிளென் கர்ட்ஸ் 2009இல் ஃபுளோரிடாவில் கண்டெடுத்தபோது சுருள் சிதைந்து சுருங்கிப்போயிருந்தது. வாஷிங்டனிலுள்ள ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம் அதை மீட்டு இணையத்தில் வைத்தது. அதைப் பார்த்த ஒரு பெண், கூட்டத்தில் நின்ற 13 வயதுச் சிறுவன் தன் தாத்தா என்று கண்டுகொண்டார். அந்தத் தாத்தா உயிரோடு இருந்தார். கூட நின்றவர்களில் சிலரை அவரால் அடையாளம் சொல்ல முடிந்தது. இதையே ஓர் அழகான குடும்பச் சுற்றுலாப் படமாகத் தொகுத்திருந்தால் கத்தரி முதலில் விழுந்திருப்பது இந்தத் தள்ளுமுள்ளின் மேல்தான்.

நினைவே வெட்டி ஒட்டுவதுதானே, மறதியும் ஓர் அருள்தானே என்று கேட்கலாம். பௌத்தர் இன்னும் ஆழமாகக் கேட்பார்: எல்லாம் கணந்தோறும் அழிவது, பிரேமுக்கும் பிரேமுக்கும் இடையே ஏற்கனவே ஒன்றுமில்லை, அங்கே இயந்திரம் எதை வைத்தால் என்ன? வலுவான கேள்வி. நொடிக்கு 18 பிரேம்கள் முழு உண்மை ஆகா என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இடைவெளியை அப்படியே விட்டால் நமக்குத் தெரியாதது எது என்பதாவது பார்ப்பவருக்குத் தெரியும். நிரப்பிவிட்டால் அந்த அறிவும் போய்விடும். பௌத்தர் சொல்லும் பற்று விடுதல் என்றால் என் உரிமையை நான் விடுவது. இன்னொருவர் இருந்ததற்கான சுவட்டை அழிக்க அது அனுமதி தராது. திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 2018இல் முதல் உலகப்போர்ப் படங்களுக்கு நிறமும் ஒலியும் புதிய பிரேம்களும் சேர்த்து ஒரு படம் செய்தார். அதை நான் குறை சொல்லமாட்டேன். செய்ததை வெளிப்படையாகச் சொன்னார். மூலப் படங்கள் பிரிட்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வீட்டு அலமாரியில் கிடக்கும் சுருளுக்கு அப்படியொரு காவல் இல்லை. அந்தக் காவல் நாம்தான்.

ஆகவே லேபுக்குப் போகிறவர்கள், ஒரு பிரேமும் விடாத, திருத்தாத ஸ்கேனைத் தனிக் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். எடிட்டிங் எல்லாம் அதன் நகலில் நடக்கட்டும். புதிதாகச் சேர்த்தது எது என்று படத்தின் தொடக்கத்திலேயே எழுதுங்கள். சுருளைத் திரும்ப வாங்கிக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வையுங்கள். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது, இனியும் தள்ளிப்போடாதீர்கள்.