எதிர்க்கதவு

"அந்த அம்மாவை நீங்கள் கடைசியாக எப்போது கண்டீர்கள்?"

கேட்டவன் ஒரு தீயணைப்புப் படைவீரன். இருபத்தைந்து வயதிருக்கும். ஆறு மாடி ஏறி வந்த களைப்பில் முகமெல்லாம் வியர்த்திருந்தது. 2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத நடுப்பகுதி. எங்கள் கதவுக்கும் எதிர்க்கதவுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நடையில் நானும் மனைவியும் நின்றோம். நான் யோசித்துப் பார்த்தேன். ஞாயிறா? அதற்கு முந்தின வியாழனா? "போன கிழமை" என்று சொன்னேன். அவன் அதை எழுதிக்கொண்டான். அதன் பிறகு அதுபற்றி என்னை எவரும் ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருடங்களாக நான்தான் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பாரிஸின் வடக்கு ரயில் நிலையத்துக்கும் லாச்சப்பலுக்கும் இடையில் எங்கள் தெரு. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். ஆறாம் மாடி, லிப்ட் கிடையாது. ஒருகாலத்தில் கீழ்மாடிப் பணக்காரரின் வேலைக்காரப் பெண்கள் படுத்த அறைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வீடு என்று பெயர் வைத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். தலைக்கு மேலே துத்தநாகத் தகட்டுக் கூரை. படம் எடுக்கிறவர்களுக்கு அந்தச் சாம்பல் நிறக் கூரைகள் பாரிஸின் அழகு. கீழே படுப்பவர்களுக்குக் கோடையில் தோசைக்கல்.

1992இல் நாங்கள் அங்கே குடிபுகுந்தபோது எதிர்க்கதவு மதாம் ஏற்கெனவே நெடுங்காலம் அங்கே இருந்தவர். பதினொரு வருடங்களில் எமக்கிடையே நடந்த பேச்சை ஒரு தபாலட்டையில் எழுதிவிடலாம். பொன்சூர், பொன்சுவார், இன்று மழை. எங்கள் கறி வாசத்தைப் பற்றி அவர் கட்டட முகாமைக்குக் கடிதம் எழுதியிருந்தார். கதவுக்கு வெளியே செருப்பு விடுவது பற்றியும் எழுதியிருந்தார். மூன்று தடவை எங்கள் கதவைத் தட்டியுமிருக்கிறார், மூன்றும் முறைப்பாடுதான். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: பதினொரு வருடத்தில் தட்டியவர் அவர். நாங்கள் ஒருநாளும் தட்டியதில்லை.

அந்த ஓகஸ்டில் பகலில் நாற்பது பாகையைத் தொட்டது வெயில். சில இரவுகளில் 25 பாகைக்குக் கீழே இறங்கவில்லை. நான் வேலை செய்த ரெஸ்ரோரண்டின் சமையலறையில் அடுப்பு வெக்கைக்குள் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், வீடு அதைவிட மோசம். மனைவி ஈரத் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு யன்னலடியில் இருப்பா. ஒருநாள் இரவு அவ சொன்னா:

"என்னப்பா, மதாமின்ரை தபால் பெட்டி நிறைஞ்சு வெளியாலை தள்ளிக்கொண்டு நிக்குது. ரேடியோச் சத்தமும் கேக்கேல்லை. ஒருக்காத் தட்டிப் பாப்பமே?"

"லீவிலை போயிருப்பா. ஓகஸ்டிலை ஆர் பாரிஸிலை இருக்கினம்? சும்மா இரும்."

"அவ எங்கை லீவிலை போறவ?"

"பிறகு பொலிசுக்கு அடிப்பா. பேசாமல் படும்."

நான் சொன்னவை இவ்வளவுதான். இரண்டு நாள் கழித்துக் கட்டடக் காவற்காரி தன் விடுமுறையிலிருந்து திரும்பி வந்து தீயணைப்புப் படைக்கு அறிவித்தாள்.

அன்று தட்டாததற்கு என்ன காரணம் என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். பயம் என்பது முதலில் வரும் பதில். வெளிநாட்டுக்காரனுக்குக் கதவும் பொலிசும் எப்போதும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை, அது பொய்யில்லை. களைப்பு என்பது அடுத்த பதில். பன்னிரண்டு மணிநேரம் நின்ற கால். இதுவும் பொய்யில்லை. பிறருடைய வாழ்க்கையில் தலையிடக்கூடாது என்று இந்த நாட்டில் கற்றுக்கொண்ட நாகரிகம் மூன்றாவது. ஆனால் இவற்றின் அடியில் இன்னொன்று கிடந்தது. அந்தக் கறிவாசக் கடிதம். சிறிய, மிகச் சிறிய வன்மம். "எங்களை வேண்டாமென்றவ தானே" என்று உள்ளே ஒரு குரல். அது ஒரு கொலைகாரக் குரலல்ல. யாரும் சாக வேண்டும் என்று அது சொல்லவில்லை. எழும்பாதே என்று மட்டும் சொன்னது.

பிரான்சில் அந்த வெக்கைக்குப் பலியானவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். பெரும்பாலானோர் முதியவர்கள். பிணவறைகளில் இடம் போதாமல் றுஞ்சிஸ் மொத்தச் சந்தையடியில் இருந்த ஒரு குளிர்ப்பதனக் கிடங்கையும் எடுத்தார்கள். றுஞ்சிஸ் எம்மவருக்குத் தெரிந்த இடம். எங்கள் சமையலறைக்கு மீனும் மரக்கறியும் விடியப்புறம் அங்கிருந்துதான் வரும். பாரிஸில் எவரும் உரிமை கோராத 57 உடல்களை செப்டெம்பர் 3ஆம் திகதி தியே மயானத்தில் அடக்கம் செய்தார்கள். ஜனாதிபதி சிராக் வந்து நின்றார். எங்கள் மதாம் அந்த 57 பேரில் ஒருவரல்ல. அவருக்கு ஒரு மருமகன் இருந்தான். கட்டில், அலுமாரி எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்கிக்கொண்டு போனான். எனக்கும் ஒரு பொன்சூர் சொன்னான்.

பிரெஞ்சுக் குற்றவியல் சட்டத்தில் 223-6 என்று ஒரு பிரிவு உண்டு. ஆபத்திலிருக்கும் ஒருவருக்கு, தனக்கோ பிறருக்கோ ஆபத்தின்றி உதவக் கூடியவன் வேண்டுமென்றே உதவாது விட்டால் அது குற்றம். ஐந்து வருடச் சிறை, 75,000 யூரோ அபராதம்வரை போகலாம். சட்டம் படித்த ஒரு நண்பரிடம் என் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அண்ணை, ஆபத்து எண்டு தெரிஞ்சிருக்க வேணும். உங்களுக்குத் தெரியாதுதானே. நீங்கள் குற்றவாளியில்லை" என்றார். தெரியாதுதான். தபால் பெட்டி நிறைந்திருந்தது தெரியும். ரேடியோ ஓய்ந்தது தெரியும். கிழவி தனியே இருக்கிறாள் என்பதும் கூரை கொதிக்கிறது என்பதும் தெரியும். இவையெல்லாம் சேர்ந்து என்ன சொல்கின்றன என்பது மட்டும் தெரியாது. அது தெரியாதிருப்பதற்கு நான் கொஞ்சம் பாடுபட்டேன் என்றே நினைக்கிறேன். மனைவி இரண்டு வசனத்தில் கண்டுபிடித்ததை நான் இரண்டு வசனத்தில் மூடினேன்.

இந்தச் சட்டத்தின் பிறப்பும் விசித்திரமானது. இது முதலில் வந்தது 1941 ஒக்ரோபரில், நாஜிகளோடு ஒத்துழைத்த விஷி ஆட்சியின் கையால். போர் முடிந்த பின்னர் 1945இல் திருத்தி வைத்துக்கொண்டார்கள். அயலவனுக்கு உதவு என்று சட்டம் எழுதிய அதே ஆட்சியின் பொலிஸ்தான் 1942 ஜூலையில் இரண்டே நாளில் பாரிஸிலும் புறநகரிலும் 13,000க்கு மேற்பட்ட யூதர்களை வீடுகளிலிருந்து இறக்கிக்கொண்டு போனது. அவர்களை இறக்கியது இப்படியான மாடிப்படிகளால்தான். ஒவ்வொரு படித்தளத்திலும் இரண்டு மூன்று கதவுகள் இருந்திருக்கும். சில கதவுகள் திறந்து பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டன. மற்றவை மூடியே இருந்தன. பாரிஸ் பள்ளிக்கூடங்களின் சுவர்களில் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளுக்காகக் கறுத்தக் கற்பலகைகள் பதித்திருக்கிறார்கள். எங்கள் மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போன நாட்களில் நான் அதைத் தினமும் கடந்து போயிருக்கிறேன். பிரெஞ்சு வாசிக்கப் பழகிய பிறகுதான் என்ன எழுதியிருக்கிறது என்று விளங்கியது.

மதாம் செத்த கதையை லாச்சப்பல் கடைகளில் சொன்னபோது எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள்: "எங்கடை ஊரிலை எண்டால் இப்பிடி நடக்குமோ?" நானும் தலையாட்டினேன். எங்கள் வேலிகளில் பொட்டு இருந்தது. அதற்குள்ளால் சீனி வரும், நெருப்புப்பெட்டி வரும், கதை வரும். ஒரு வீட்டில் காலையில் புகை எழும்பாவிட்டால் அடுத்த வீடு கேட்கும். "எங்கை போறியள்?" என்று ஒழுங்கையில் நாலு பேர் கேட்காமல் சந்திவரைக்கும் போக முடியாது.

ஆனால் எங்களோடு பழகும் ஒரு பெண் இதைக் கேட்டுச் சினந்தாள். புருஷனை விட்டுப் பிரிந்து, இரண்டு பிள்ளைகளோடு இங்கே தனியே வாழ்கிறவள். "அண்ணை, உங்கடை அந்தப் பொட்டுக்குள்ளாலை சீனி மட்டுமே வந்தது? ஆர் வந்தது, எத்தினை மணிக்குப் போனது எண்டு கணக்கெடுத்த கண்ணும் அதுக்குள்ளாலைதான் வந்தது. எனக்கு எதிர்வீட்டுக்காரனின்ரை பேர் தெரியாது. அவனுக்கும் என்ரை பேர் தெரியாது. அதாலைதான் நான் உயிரோடை இருக்கிறன். செத்து நாலு நாள் கிடந்தாலும் பரவாயில்லை" என்றாள். அவள் சொன்னதில் பாதியை நான் ஏற்கவில்லை என்று சொல்ல ஆசைதான். எந்தப் பாதி என்று தெரியவில்லை. அந்தப் பொட்டு எல்லோருக்கும் திறந்திருந்ததுமில்லை. எங்கள் வளவுக்குப் பின்னால் இருந்தவர்கள் எங்கள் கிணற்றில் அள்ள முடியாது. நாங்கள் அள்ளி ஊற்றும்வரை வாளியோடு நிற்க வேண்டும். அவர்களும் அயல்தான். அயலட்டை என்ற சொல்லை நாங்கள் யாருக்குப் பாவித்தோம், யாருக்குப் பாவிக்கவில்லை என்பது தனிக் கட்டுரை.

இனி, நான் சொல்லப் பின்வாங்கிக்கொண்டிருந்த விசயம். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து அந்த நாட்களில் விரட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். எங்கள் வீடு ஐந்துசந்திக்குக் கிட்ட. அடுத்த ஒழுங்கையில் ஒரு தையற்கார நானா இருந்தார். என் மகளின் பள்ளிச் சட்டை அவர் தைத்தது. பெருநாளுக்கு அவர் வீட்டு வட்டிலப்பம் எங்களுக்கு வரும். தைப்பொங்கலுக்கு எங்கள் பொங்கல் அங்கே போகும். பெயர் தெரியும், பிள்ளைகளின் பெயர் தெரியும், அவருக்கு நீரிழிவு இருந்ததும் தெரியும். அன்று அவர் குடும்பத்தோடு எங்கள் படலையடியால் போனார். ஒரு கணம் நின்றார். நான் படலைக்கு உள்ளே, கொழுக்கியில் கைவைத்தபடி நின்றேன். திறக்கவில்லை. திறந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியாது. ஒரு போத்தல் தண்ணீர் கொடுத்திருக்கலாம். "வாறம் தம்பி" என்றுவிட்டு அவர் போனார். நான் ஏதாவது சொன்னேனா என்பது ஞாபகமில்லை. ஞாபகமில்லை என்றால் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

பாரிஸில் ஆளைத் தெரியாததால்தான் தட்டவில்லை என்று நான் சொல்ல முடியாமற் போவது இந்த இடத்தில்தான். நானாவை எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இதற்கு எதிரான கதையும் என் குடும்பத்திலேயே இருக்கிறது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் இருந்த என் பெரியம்மாவை மூன்று நாள் தன் வீட்டு அறைக்குள் பூட்டி வைத்துக் காப்பாற்றியவ பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண். பெரியம்மாவுக்கும் அவவுக்கும் கழிவுநீர் வாய்க்கால் பற்றி ஆறு வருடச் சண்டை. முகம் பார்த்துப் பேசுவதில்லை. கும்பல் தெருமுனைக்கு வந்தபோது அந்த மனிசி மதிலுக்கு மேலால் கையைப் பிடித்து இழுத்தாவாம். கலவரம் அடங்கிப் பெரியம்மா அகதி முகாமுக்குப் போகும்போது நன்றி சொல்ல, "வாய்க்காலைத் துப்புரவாக்கிவிட்டுப் போயிருக்கலாம்" என்றாவாம். பெரியம்மா இதைச் சாகும்வரை சிரித்துச் சிரித்துச் சொல்லுவா. அன்பினால்தான் அயலவர் காக்கப்படுகிறார் என்று நம்புகிறவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். அந்தப் பெண்ணுக்குப் பெரியம்மாவில் அன்பில்லை. அன்பு இல்லாமலே மதிலடிக்கு வந்தா. எனக்கு நானாவில் அன்பு இருந்தது.

அரசாங்கம் தன் பங்குக்கு யோசித்தது. 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநகரசபைகள் தனித்து வாழும் முதியோருக்கு ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். விரும்பினால் பதியலாம், வெக்கை காலத்தில் தொலைபேசியில் விசாரிப்பார்கள். அதே சட்டம் தொழிலாளர்கள் வருடத்தில் ஒருநாள் மேலதிகச் சம்பளமின்றி வேலை செய்ய வேண்டும் என்றது. முதலாளிமார் செலுத்தும் பங்கு முதியோர் பராமரிப்புக்கு. மதாமுக்காக வருடத்தில் ஒருநாள் வெங்காயம் வெட்டுகிறேன் என்று நான் மனைவியிடம் பகிடி விட்டேன். அவ சிரிக்கவில்லை. அயலவர் விழா என்று ஒன்றும் இருக்கிறது. 1999இல் பாரிஸ் பதினேழாம் வட்டாரத்தில் தொடங்கியது. 2004இல் எங்கள் கட்டட முற்றத்திலும் மேசை போட்டார்கள். மனைவி றோல்ஸ் பொரித்துக் கொடுத்தா. ஒன்றும் மிஞ்சவில்லை. மதாமைப் பற்றி எவரும் கதைக்கவில்லை, நாங்களும்தான்.

மனைவி 2016இல் காலமானா. மகள் கனடாவில். எனக்கு இப்போது எழுபதுக்கு மேல். மாநகரசபைப் பதிவேட்டுப் படிவம் குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டியபடி நிரப்பாமல் இருக்கிறது. மகள் ரெலிபோனில் ஒவ்வொரு கோடையும் கேட்பாள். "பாப்பம்" என்பேன்.

2019 ஜூலை 25ஆம் திகதி பாரிஸில் 42.6 பாகை, அதுவரை பதிவான எல்லாவற்றையும் விட அதிகம். மத்தியானம் மூன்று மணிபோல யாரோ கதவைத் தட்டினார்கள். நான் உடனே எழும்பவில்லை. மெதுவாகப் போய்க் கதவுக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். எதிர்வீட்டில் அந்த வருடம் குடிவந்த மாணவி, தலைமயிரை உச்சியில் முடிந்தபடி. ஏதாவது முறைப்பாடு என்று நினைத்தேன். அன்று காலையில் மீன் பொரித்திருந்தேன். மூச்சுவிடாமல் நின்றேன். அவள் போகவில்லை. மறுபடியும் தட்டினாள். பிறகு இன்னொரு தடவை.

திறந்தேன். "மன்னிக்க வேண்டும் மிசியே, நீங்கள் நலமா? தண்ணீர் குடிக்கிறீர்களா?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. நான் என்ன கிழவனா? குடிக்கிறேன், நலம், நன்றி என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவளுடைய கதவு சாத்துப்படும் சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றேன். பிறகு குசினிக்குள் போய்ப் போத்தலைப் பார்த்தேன். காலையில் நிரப்பி வைத்தது அப்படியே இருந்தது.