பின்மண்டை

கொஞ்சம் களிமண் கிடைத்தால் ஒரு மனிதத் தலை செய்து பாருங்களேன். முதலில் முட்டை மாதிரி ஓர் உருண்டை. சரி, கண்ணை எங்கே வைப்பீர்கள்?

புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் உச்சிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். தப்பு! உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நட்டநடுவில் இருக்கிறது கண். நம்பிக்கை இல்லையென்றால் கண்ணாடி முன் நின்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். பின்மண்டையோ தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிடும். அமெரிக்க ஓவிய ஆசிரியை பெட்டி எட்வர்ட்ஸ், 1979-ல் வெளியான தன் புத்தகத்தில் இந்தப் பிழைக்கு ‘வெட்டப்பட்ட மண்டை’ என்றே பெயர் வைத்தார்.

தினம் நூறு முகம் பார்க்கிறோம். அப்புறம் ஏன் இப்படி? நமக்கு வேண்டியது கண்ணும் வாயும்தான். கோபமா, சிரிப்பா, காரியம் நடக்குமா? அது போதும். மிச்சத்தைக் கை தானாகவே வெட்டிவிடுகிறது.

மண்ணோடு போனால் பரவாயில்லை. வாட்ச்மேன் என்றால் கேட். வேலைக்கார அம்மா என்றால் பாத்திரம். அவர்களுக்கும் ஊர், கடன், பிள்ளையின் ப்ளஸ் டூ மார்க் என்று ஒரு பின்மண்டை உண்டு.

‘எல்லோரிடமும் முழுசாகப் பழக முடியுமா சார்?’ என்பீர்கள். முடியாதுதான். ஆனால், இமை, உதடு எதையும் செதுக்காத எளிய தலையில்கூட பின்மண்டை இருந்தே ஆகவேண்டும். விவரத்தை விடலாம், ஆளைப் பாதியாக வெட்டக் கூடாது.

களிமண் தலையைத் திருப்பிப் பார்த்துத் திருத்திவிடலாம். மனிதர்களை அப்படித் திருப்ப முடியாது. நாம்தான் சுற்றி வரவேண்டும். ‘ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நில்லுங்கள்.