உலகுக்கு ஒரு கர்த்தா வேண்டுமா?

(கிளமெண்டியில் ஆற்றிய சைவ சித்தாந்தச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கிளமெண்டிக்கு ஒருபுறம் கென்ட் ரிட்ஜில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். மறுபுறம், எம்ஆர்டியில் ஒரே நிறுத்தம் தள்ளி, ஜூரோங் ஈஸ்ட் அறிவியல் மையம். இங்கே வளரும் நம் பிள்ளைகள், "பிரபஞ்சம் பெருவெடிப்பில் தோன்றியது என்று படிக்கிறோம், பிறகு சிவபெருமானுக்கு என்ன வேலை?" என்று கேட்பது இயல்பு. அந்தக் கேள்வியை அதட்டி அடக்குவது சைவ மரபுக்கு அழகில்லை. மறுப்பவர் கட்சியை முதலில் எடுத்துரைத்து, பிறகு விடை சொல்வதே நம் ஆசாரியர்கள் வழி. அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், அதாவது பிறர் கொள்கைகளை ஆராயும் பகுதியில், 14 மதங்களை ஆராய்ந்தார். கடவுளை மறுக்கும் உலகாயதரையும், கடவுள் வேண்டாமலே உலகம் விரியும் என்ற நிரீச்சுர சாங்கியரையும் அவர் ஒதுக்கிவிடவில்லை.

முதலில் அறிவியல் சொல்வதைச் சரியாகக் கேட்போம். விண்மீன் மண்டலங்கள் விலகிச் செல்கின்றன, தொலைவு கூடக் கூட அவற்றின் வேகமும் கூடுகிறது என்று 1929இல் எட்வின் ஹபிள் காட்டினார். வானின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் நுண்ணலைக் கதிர்வீச்சைப் பென்சியாஸும் வில்சனும் 1965இல் அறிவித்தார்கள். சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் மிகுந்த வெப்பமும் அடர்த்தியும் கொண்ட நிலையிலிருந்து பிரபஞ்சம் விரிந்தது என்பதற்கு இவை வலுவான சான்றுகள். உடனே, "தொடக்கம் உண்டு, ஆகவே தொடக்கியவன் உண்டு" என்று முடித்துவிட ஆசை எழும். விரியும் பிரபஞ்சக் கருத்தை 1927இலேயே முன்வைத்த ஜார்ஜ் லெமெத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். ஆனால், 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றாக எடுத்தாண்டதை அவரே விரும்பவில்லை. அந்த நிதானம் நமக்கும் வேண்டும். இன்றைய கோட்பாடு நாளை திருத்தப்படலாம்; அதன்மேல் கட்டிய பக்தியும் அப்போது ஆட்டம் காணும்.

நம் சித்தாந்தம் அந்த அடித்தளத்தில் எழுந்ததே இல்லை. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், 12 சூத்திரங்கள் கொண்ட சிவஞானபோதத்தை, உலகுக்கு ஒரு கர்த்தா வேண்டுமா என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார். சூனியத்திலிருந்து உலகம் வந்தது என்று அவர் சொல்லவில்லை. இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது என்பதே சற்காரிய வாதம். பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றும் அநாதி, அதாவது தொடக்கமற்றவை. குடத்துக்கு மண்ணும் திரிகையும் குயவனும் போல, உலகுக்கு மாயை எனும் மூலப்பொருள் முதற்காரணம், இறைவனின் சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணன். பகுதிகளாய் அமைந்த உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. ஒடுங்கியது மீண்டும் தோன்றுவது எதனால்? மாயைக்கு அறிவில்லை. உடலும் கருவிகளும் ஒடுங்கிய நிலையில் உயிர்களாலும் எதையும் அறிந்து செய்ய இயலாது. அப்போதும் ஒடுங்காமல் நிற்கும் பேரறிவே உலகை மீளத் தோற்றுவிக்க வேண்டும். ஆகவே, ஒடுக்குபவனையே அவர் முதல்வன் என்றார். காலத்தின் முதல் கணத்தைத் தேடாமல், முடிவைக் கொண்டு முதல்வனை நிறுவியது இந்த வாதத்தின் தனிச்சிறப்பு.

"அப்படியானால் கடவுளைப் படைத்தவர் யார்?" என்று கேட்பார்கள். தோன்றி மறையும் பொருளுக்கே காரணம் வேண்டும் என்பது நம் கூற்று. தோன்றாப் பொருளுக்கு அந்தக் கேள்வி பொருந்தாது. மாயைக்கும் உயிர்களுக்கும்கூட நாம் தோற்றம் சொல்வதில்லை. இதைவிட வலிய தடை இன்னொன்று. ஈர்ப்பு போன்ற விதி இருப்பதால் பிரபஞ்சம் தானே தோன்ற முடியும், கடவுள் தேவையில்லை என்று 2010இல் ஸ்டீபன் ஹாக்கிங்கும் லியனார்ட் ம்லோடினாவும் எழுதினார்கள். விதி ஒன்று இருக்குமானால், அது வெறும் சூனியம் ஆகாது. எந்த நிலையில் எது நிகழும் என்பதை விதி சொல்லும். நிகழ்வது யாருக்குப் பயன்படுகிறது என்று சொல்வது அதன் வேலையில்லை. "பயன் ஏன் இருக்க வேண்டும்?" என்று உலகாயதர் மடக்குவார். அவர் கேட்பதும் நியாயமே. தனு (உடல்), கரணம் (கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்ச்சி) நான்கும் உயிர்களின் பொருட்டுத் தரப்படுகின்றன என்பது நம் கொள்கை. அறிவற்ற சடப்பொருளின் வேறாக உயிர் உண்டு என்பதை ஏற்காதவருக்கு இந்த அனுமானம் முழுமையாகாது. அதனால்தான் மெய்கண்டார் முதல் சூத்திரத்தோடு நின்றுவிடாமல், மூன்றாம் சூத்திரத்தில் உயிரின் உண்மையைத் தனியே நிறுவுகிறார். உடம்பு, பொறிகள், மூச்சு என ஒவ்வொன்றையும் எடுத்து, இவற்றுள் எதுவும் அறிபவனாகாது என்று விலக்கிக்கொண்டே போகிறார்.

ஆகவே பெற்றோர்களே, பெருவெடிப்பைப் படிக்கும் பிள்ளையைக் கண்டு அஞ்சாதீர்கள். அது மாயை விரிந்த வரலாற்றை ஆராயும் கல்வி. அதை ஆழ்ந்து கற்கட்டும். கூடவே, அந்த வரலாற்றை அறிந்துகொண்டிருக்கும் தான் யார் என்றும் அந்தப் பிள்ளை கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை தேடுபவருக்கே கர்த்தா வேண்டுமா என்ற கேள்வியின் முழுக்கனமும் விளங்கும். இறைவன் உலகைத் தோற்றுவிப்பது உயிர்களின்மேல் வைத்த அருளால் என்பதும் விளங்கும்.

திருச்சிற்றம்பலம்.