எந்தப் புத்தகத்தை யாரிடம் நீட்டுவது?

புத்தரைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் ஒருவர் கேட்டால், நூலகர் எதை எடுத்துத் தர வேண்டும்? அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் சுரங்கத் தொழிலாளரிடையே கிளைவிட்ட மண் இது. கோயிலும் தேவாலயமும் மசூதியும் அடுத்தடுத்து நிற்கும் ஊரும்கூட. கேட்பவரின் சாதி, மதத்தை ஊகித்து நூல் தருவது கனிவாகத் தோன்றும். ஆனால் அது அவரைப் பிறந்த இடத்திலேயே நிறுத்திவைக்கும் வேலை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்று 1931இல் நூலகவியலாளர் சீர்காழி ரங்கநாதன் விதி வகுத்தாரே, அந்த 'உரிய' என்பதை வாசகரின் பிறப்பை வைத்து அல்ல, அவர் கேள்வியை வைத்தே முடிவுசெய்ய வேண்டும்.

அப்படியானால் நூலகர் வாய்மூடி இருப்பதே நடுநிலை அல்லவா என்பார்கள். அல்ல. முன்வரிசையில் எதை வைக்கிறோம், எதை வாங்காமல் விடுகிறோம் என்பதெல்லாம் பேசாமல் செய்யும் பரிந்துரைகள்தாம். நூலகர் தன் நம்பிக்கையைத் திணித்துவிடுவாரே என்ற அச்சம் நியாயமானது. அதற்கு மருந்து மௌனம் அல்ல, ஒன்றுக்கொன்று முரண்படும் இரண்டு நூல்களைச் சேர்த்துக் கொடுப்பது. 2001இல் சுரங்கம் மூடியபின் இந்த ஊர் இளைஞர்கள் பெரும்பாலும் தேர்வு வழிகாட்டி நூல்களையே கேட்கலாம். அதையும் முகம் சுளிக்காமல் கொடுங்கள், கூடவே இன்னொன்றையும்.