தேய்ந்து வாழ்தல்

கேரளத்தின் மறையூர், காந்தலூர் மலைச்சரிவுகளில் முனியறைகள் நிற்கின்றன. சுற்றிலும் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல். பெருங்கற்கால மக்கள் இறந்தோர்க்காக எழுப்பியவை என்கிறது தொல்லியல். முனிவர்கள் வாழ்ந்த அறைகள் என்கிறது ஊர். எத்தனையோ தலைமுறைகளின் மழையையும் வெயிலையும் அந்தக் கற்கள் தாங்கிவிட்டன. ஆனால் யாரை நினைத்து, என்ன சொல்லி அழுது அவற்றை நிறுத்தினார்கள் என்பது நம்மை வந்து சேரவில்லை. சொல்லிக் கொடுத்தவர்களின் தொடர் நடுவில் எங்கோ அறுந்துவிட்டது. அழியாமல் இருப்பது வேறு, கைமாறி வந்து சேர்வது வேறு.

கல்லுக்கு நேர்மாறானது திரைப்படச் சுருள். பழைய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். பின்வந்த அசிடேட் சுருளோ வினிகர் வாடை வீசிச் சுருங்கிச் சிதையும். இந்தியாவில் எடுக்கப்பட்ட 1,300க்கும் மேற்பட்ட மௌனப் படங்களில் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 30தான். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) நமக்கு இல்லாமலே போயிற்று. இத்தகைய இழப்புகள் தொடரக் கூடாது என்றே 1964இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பிறந்தது. அதைக் கட்டி வளர்த்த பி.கே. நாயர் திருவனந்தபுரத்துக்காரர். அவர் ஊர் ஊராக அலைந்து படங்களைச் சேர்த்ததை எல்லோரும் போற்றுகிறோம். சேர்த்தவற்றை வெளியே அனுப்பினார் என்பது அதைவிடப் பெரிது. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே ஹெக்கோடு என்றொரு சிற்றூர். கே.வி. சுப்பண்ணாவின் நீநாசம் அமைப்பின் முயற்சியால் அங்கே உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் அவர் அனுப்பிய ‘ரஷோமோன்’, ‘பதேர் பாஞ்சாலி’ போன்ற படங்களைக் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள்.

இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. புரொஜெக்டரில் ஓடும் ஒவ்வொரு முறையும் பிரிண்ட் தேய்கிறது. பழைய படங்களில் மழை பெய்வதுபோல விழும் கோடுகள் அப்படி வந்தவைதான். பாரிஸ் திரைப்படக் காப்பகத்தின் ஆன்ரி லாங்லுவா, காட்டுவதற்கே முதலிடம் தந்தார். லண்டன் காப்பகத்தின் எர்னஸ்ட் லிண்ட்கிரன், காப்பதற்கே முதலிடம் தந்தார். இருவரும் சினிமாவை உயிராய் நேசித்தவர்கள். காட்டினால் தேயும், காட்டாவிட்டால் காப்பதன் பொருளே கேள்விக்குள்ளாகும். எது அறம்?

மலையாள இயக்குநர் ஜி. அரவிந்தனின் ‘தம்பு’ (1978) இதற்கு ஒரு விடை தருகிறது. பாரதப்புழைக் கரையிலுள்ள ஓர் ஊருக்கு ஒரு சர்க்கஸ் வந்து கூடாரம் போடுகிறது. வேடிக்கை பார்க்க வந்த உண்மையான ஊர்மக்களின் முகங்களில் கேமரா நிலைத்து நிற்கிறது. பிளந்த வாய், விரிந்த கண், பக்கத்தில் இருப்பவரை மறந்த சிரிப்பு. நடிப்பின் நிழல்கூட விழாத முகங்கள் அவை. அந்தப் படத்தின் மூல நெகட்டிவ் எஞ்சவில்லை. காப்பகத்தில் இருந்த 35 மி.மீ. பிரிண்டைக் கொண்டே ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் அதை மீட்டெடுத்தது; 2022இல் கான் திரைப்பட விழாவில் அந்த முகங்கள் மறுபடி ஒளிபெற்றன. அரவிந்தனின் ‘கும்மாட்டி’யும் அவ்வாறே ஒரு பிரிண்டிலிருந்து மீண்டது. ஓட்டக் கூடாது என்று பத்திரப்படுத்தும் மூலம் போயிற்று. மக்கள் பார்க்கவென்று எடுத்த பிரதி நின்றது.

ஒரு கலைஞரின் படங்களை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகத் திரையிடும்போது இன்னொன்றும் நிகழ்கிறது. ‘உத்தராயணம்’ (1974) தொடங்கி ‘வாஸ்துஹாரா’ (1991) வரையிலான பாதையை, நடந்து கொண்டிருந்தபோது அரவிந்தனேகூட முழுமையாகக் கண்டிருக்க முடியாது. முனியறைகள் நிற்கும் அதே மலைத்தொடரில், மாட்டுப்பட்டிப் பண்ணையில் எடுத்த ‘சிதம்பரம்’ (1985) படத்தில் தமிழ்த் தொழிலாளி முனியாண்டியின் வீட்டை ஒருவனுடைய சலனம் குலைக்கிறது. குற்றவுணர்வு அவனைச் சிதம்பரம் கோயில்வரை துரத்துகிறது. ‘தம்பு’வை அடுத்து அதைப் பார்க்கும்போதுதான், பிறர் முகத்தை உற்று நோக்கத் தெரிந்த அதே கண்கள் மனிதனின் உள்முகத்தையும் நோக்கக் கற்றுக்கொண்டன என்று நமக்குப் புலப்படுகிறது. ஒரு வாழ்வின் முழு வடிவம் பின்வருபவர்களுக்கே தெரிகிறது. அதைக் காண்பது அவர்களுடைய பேறு மட்டுமல்ல, பொறுப்பும்கூட.

அந்தப் பொறுப்பை நிறைவேற்ற முடியாத இடமும் உண்டு. மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் ஓடியபோது, ஒரு தலித் பெண் நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காதவர்கள் கலவரம் செய்தார்கள். நாயகி பி.கே. ரோசி ஊரை விட்டே ஓட நேர்ந்தது. படமும் இன்று இல்லை. அன்றைய கூட்டம் செய்த அநீதிக்கு ஈடாக, இன்று நாம் ஒரு கூட்டமாக அமர்ந்து அவரை மரியாதையோடு பார்க்க விரும்பினாலும் பார்க்க ஒரு சட்டகம்கூட இல்லை. காக்கத் தவறும்போது கலை மட்டும் போவதில்லை. திருந்திய கண்ணோடு மறுபடி பார்க்கும் வாய்ப்பும் போய்விடுகிறது.

ஆகவே பழைய படம் ஒன்று திரையிடப்படும் இடத்துக்குச் சென்று அமர்வது பொழுதுபோக்கு மட்டுமன்று. சேர்த்தவர், பேணியவர், அனுப்பியவர் என நீளும் தொடரின் அடுத்த கண்ணியாக நாம் நின்று அதை அடுத்தவருக்கு நீட்டுவது. தேயாமல் இருப்பதே நிலைப்பது என்று நாம் எண்ணிக்கொண்டு, பொருளையும் அறிவையும் அன்பையும் செலவாகிவிடுமோ என்று பூட்டி வைக்கிறோம். காலமோ பூட்டியதையும் விடுவதில்லை, பூட்டின் உள்ளேயே அதை உளுக்கச் செய்கிறது. கொடுத்துத் தேய்ந்தது பெற்றவரிடத்தில் எஞ்சுகிறது. கொடாமல் உளுத்தது எவரிடத்திலும் எஞ்சுவதில்லை. தேய்மானம் எல்லா வாழ்வுக்கும் விதிக்கப்பட்டது. யாருக்காகத் தேய்வது என்பதை மட்டும் நம் தேர்வுக்கு விட்டிருக்கிறது வாழ்க்கை, அந்தத் தேர்வில்தான் மனிதனின் அறம் இருக்கிறது.