வாங்காத பொங்கல்

தைப்பொங்கல் அன்று மதியம், எவர்சில்வர் டப்பாவில் சர்க்கரைப் பொங்கலை எடுத்துக்கொண்டு பதினாறு வயதுப் பெண் ஒருத்தி அடுத்த தெருவிலிருக்கும் தோழி வீட்டுக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பிலிருந்து இருவருக்கும் ஒரே பெஞ்சு. போன வருஷம்வரை மூடியைத் திறப்பதற்குள் விரலால் வழித்துத் தின்றவள், இந்த வருஷம் வாசலிலேயே நின்று, “சாமிக்குப் படைச்சதா?” என்று கேட்கிறாள். ஆமாம் என்றதும், “எனக்கு வேணாம்டி, தப்பா எடுத்துக்காத” என்கிறாள். நெற்றியில் பொட்டில்லை, தலையில் பூவில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு ஜெபக்கூட்டத்தில் தான் ரட்சிக்கப்பட்டதாகச் சொன்னவள் அவள். அன்றிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஒரு தடவையாவது வந்து பார் என்று அழைக்காத நாளில்லை. டப்பா போன கனத்தோடு வீடு திரும்புகிறது. ஏன் என்று அம்மா கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

இதைக் கிறிஸ்தவ வீட்டோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பது அநியாயம். நாகூர் கந்தூரிக்கு வருஷந்தோறும் ஒன்றாகப் போய்வந்த இரண்டு பையன்களில் ஒருவன், தர்காவுக்குப் போவது இறைவனுக்கு இணைவைத்தல் என்று படித்துவிட்டு வந்து மற்றவனைக் கண்டிக்கத் தொடங்குகிறான். புதிதாக விரதம் பிடித்த ஒருவன், முட்டைக் குழம்பு கொண்டுவருகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்கிறான். கடவுள் இல்லை என்று அண்மையில் தெளிந்தவனும், நண்பன் மணிக்கட்டிலுள்ள கறுப்புக் கயிற்றை நாள்தவறாமல் இழுத்து வம்பு செய்வதுண்டு. எதை நம்பினாலும் சரி, அந்த வயதில் கிடைக்கும் நம்பிக்கைக்குத் தனிச் சூடு இருக்கிறது. பெயரும் மொழியும் சாதியும் பள்ளிக்கூடமும் பிறர் கொடுத்தவை. அந்தப் பிள்ளை தானாகத் தேர்ந்துகொண்டதாக நினைக்கும் முதல் பொருள் அநேகமாக இதுதான்.

அப்படிப்பட்ட நட்பை என்ன செய்வது? பொறுத்துப் போவதா, வாதிடுவதா, மெல்ல விலகுவதா?

எதைச் செய்வதற்கு முன்னாலும் அந்தத் தோழிக்குரிய நியாயத்தைக் கொடுத்தாக வேண்டும். “உன் மதம் உன்னோடு, என் மதம் என்னோடு” என்று பெரியவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நரகம் உண்டென்று உண்மையாக நம்புகிற ஒரு பெண், தனக்கு மிகவும் பிடித்தவள் அங்கே போகப்போகிறாள் என்றும் நம்பினால், வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்கு எப்படி நட்பாகும்? திருக்குறள் நட்பைப் பற்றிய அதிகாரத்தில், நண்பர் தவறும்போது முன்சென்று இடித்துரைப்பதையும் நட்பின் கடமையாகவே வைத்திருக்கிறது. அவள் செய்வதாக நினைப்பது அதைத்தான். அவளுடைய நச்சரிப்புக்குள் அக்கறை இருக்கிறது. அதைப் பார்க்க மறுத்து, யாரோ அவள் மூளையைக் கெடுத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டுவது, அவளுக்குச் சொந்தமாக ஒரு மனம் இருப்பதையே மறுப்பதாகும்.

ஆனால் அக்கறை என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையையும் தருகிறது. அது தன் கொள்கைகளை எடுத்துச் சொல்லும் உரிமையே தவிர, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று 1977-இல் ஸ்டெய்னிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் அந்த அளவில் நின்றுவிடும். தெருமுனையில் ஒலிபெருக்கியோடு பேசுகிறவரைக் கேட்கப் பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம். அதே பேச்சைத் தோழி பேசும்போது, பேச்சைவிட்டுப் போக வேண்டுமானால் தோழியையும் விட்டுப் போக வேண்டியிருக்கிறது. அவளுடைய அழைப்பில் அவள் அறியாமலே ஒரு நெருக்கடி சேர்ந்துவிடுவது இதனால்தான். ஆறு வருஷத்து நட்பு அந்த அழைப்புக்குப் பின்னால் பிணையாக நிற்கிறது.

பழைய பக்திகள் ஏன் இப்படி உறுத்துவதில்லை என்று யோசித்தால் ஒன்று புலப்படுகிறது. கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு ஒரு பையன் வகுப்புக்கு வருகிறான். கறுப்பு வேட்டி, கழுத்தில் மணிமாலை, காலில் செருப்பில்லை. நேற்றுவரை “டேய்” என்றவர்கள் இன்று “சாமி” என்கிறார்கள். அவன் எதிரில் கெட்ட வார்த்தை பேசுவதில்லை. அவனும் மற்றவர்களைச் “சாமி” என்றே கூப்பிடுகிறான். அவர்களையும் மாலை போடச் சொல்லி அவன் வற்புறுத்துவதில்லை. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றியதும் பழையபடி “டேய்” திரும்பிவிடுகிறது. ரம்ஜான் மாதத்தில் நோன்பு வைத்திருக்கும் நண்பன் எதிரில் தண்ணீர் பாட்டிலைத் திறக்கத் தயங்குகிற பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து வரும் நோன்புக் கஞ்சியில் தூக்குவாளிக்குத் தூக்குவாளி எல்லா வீட்டுக்கும் பங்குண்டு. இவையெல்லாம் தீவிரமான பக்திதான், பட்டினியும் வெறுங்காலும் சாதாரணமல்ல. ஆனால் இவற்றைச் சுற்றி ஊர் பல தலைமுறையாக ஒரு முறையைக் கட்டி வைத்திருக்கிறது. எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது, எதிரில் இருப்பவர் எவ்வளவு ஒதுங்கிக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும்.

புதிதாக வந்த வேகத்துக்கு அந்த முறை கிடையாது. ரட்சிக்கப்பட்ட தோழியிடம் எப்படி நடந்துகொள்வது என்று பாட்டி சொல்லிக் கொடுத்ததில்லை, தோழிக்கும் அவள் பாட்டி சொல்லிக் கொடுக்கவில்லை. ஊர் செய்ய வேண்டிய வேலையைப் பதினாறு வயதுப் பிள்ளைகள் இருவர் தாங்களே செய்ய வேண்டியிருக்கிறது. அவர்கள் தடுமாறுவதை நட்பின் தோல்வி என்று யாரும் எண்ண வேண்டியதில்லை.

பொங்கலையே எடுத்துக்கொள்வோம். படைத்ததை உண்ணலாமா என்ற கேள்வி ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பழையது. விவிலியத்தில், கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில் அப்போஸ்தலர் பவுல் இதற்காகப் பல பத்திகள் செலவிடுகிறார். விசுவாசியல்லாத ஒருவர் விருந்துக்கு அழைத்தால், எங்கிருந்து வந்ததென்று விசாரிக்காமல் வைத்ததைச் சாப்பிடு, இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொல்லிவிட்டால் சாப்பிடாதே என்பது அவர் காட்டும் வழி. தோழி “படைச்சதா?” என்று வாசலில் கேட்டது, பவுல் கேட்க வேண்டாமென்ற கேள்வி என்று ஒருவர் வாதிடலாம். வேறு கிறிஸ்தவர்கள் வேறுவிதமாகப் படிப்பார்கள். வாதத்தில் யார் வெல்வது என்பது இங்கே முக்கியமில்லை. அவள் தன் தட்டைப் பற்றி முடிவு செய்கிறாள். அது அவள் நோன்பு. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்வது, அசைவம் சாப்பிடாதவரைக் கறி தின்னச் சொல்வதைப் போன்றது. “இதெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்று சொல்லி ஊட்டிவிடுவதும், படைக்காதது என்று பொய் சொல்லிக் கொடுப்பதும் விளையாட்டில் சேராது. நம்பிக் கையை நீட்டியவளை ஏமாற்றும் காரியம் அது.

ஆனால் அதே நோன்பு தன் தட்டைத் தாண்டி அடுத்தவள் தட்டுக்கு நகரும்போது கணக்கு மாறுகிறது. “எனக்கு வேண்டாம்” என்பது வேறு. “உங்க வீட்டுல பேய்க்குப் படைக்கிறீங்க” என்பது வேறு. முதலாவது மனத்தை வருத்தலாம், ஆனாலும் தாங்கிக்கொள்ள வேண்டிய வருத்தம். இரண்டாவது, விடியற்காலை எழுந்து வாசலில் கோலமிட்டு, பால் பொங்கும்போது குலவையிட்ட அம்மாவை இழிவுபடுத்துகிறது. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டுமென்று எந்த நட்பும் கோர முடியாது.

1893-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில், இருபத்துமூன்று வயது காந்திக்குக் கோட்ஸ் என்ற குவேக்கர் கிறிஸ்தவ இளைஞர் நண்பரானார். புத்தகம் மேல் புத்தகமாகக் கொடுத்தார், காந்தியும் படித்தார். காந்தியின் கழுத்திலிருந்த துளசிமணி மாலையைப் பார்த்ததும் அது மூடநம்பிக்கை என்று கோட்ஸுக்கு வருத்தம். அறுத்துவிடட்டுமா என்றே கேட்டார். அது அன்னை அன்போடு அணிவித்தது, தக்க காரணமில்லாமல் கழற்ற மாட்டேன், தானே இற்றுப்போனால் புதிதாக ஒன்று வாங்கவும் மாட்டேன் என்ற கருத்தில் காந்தி பதில் சொன்னார். கோட்ஸுக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. நட்பு முறியவுமில்லை. பின்னாளில் சுயசரிதை எழுதும்போது, அந்தக் கிறிஸ்தவ நண்பர்கள் நினைத்த பாதையில் தான் போகவில்லை என்றாலும், தன்னுள் சமயத் தேடலைக் கிளப்பியதற்காக என்றும் கடன்பட்டிருப்பதாகக் குறிப்பிட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது காந்தியின் பொறுமையைவிட அவருடைய வெளிப்படையான பேச்சை. படிப்பேன் என்று சொன்னதைப் படித்தார். மாலையைக் கழற்ற மாட்டேன் என்பதையும் மறைக்காமல் சொன்னார். நண்பரைத் திருப்திப்படுத்துவதற்காக மாலையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் வழக்கறிஞர், படித்துத் தேர்ந்த மனிதர். பதினாறு வயதில் இரவு விளக்கை அணைத்த பிறகு நரகத்தைப் பற்றிய பேச்சு வேறு மாதிரி ஒலிக்கும். அந்தப் பயம் தூக்கத்தைக் கெடுக்கிற நிலைக்கு வந்துவிட்டால், காந்தியைப் போலப் பொறுத்திரு என்று அந்தப் பெண்ணிடம் சொல்வது கொடுமை. அவள் வீட்டிலோ நம்பிக்கையான ஆசிரியரிடமோ சொல்ல வேண்டும், அது காட்டிக்கொடுப்பதாகாது.

நம் பக்கத்திலேயே இன்னோர் இணை உண்டு. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆழ்ந்த சைவர், கோயில் கோயிலாகத் தலபுராணம் பாடியவர். அந்த மகாவித்துவான் தம் கிறிஸ்தவ நண்பர்மீது குளத்தூர்க் கோவை பாடினார். வேதநாயகம் பிள்ளை சர்வ சமய சமரசக் கீர்த்தனை எழுதினார். இருவரும் தம் சமயத்தில் இம்மியும் தளர்ந்தவர்களாகத் தெரியவில்லை. அவர்களுக்கு நடுவில் தமிழ் இருந்தது, சமயத்தைத் தவிரப் பேச ஆயிரம் விஷயம் இருந்தது. பிள்ளைகளுக்கும் அப்படியொன்று வேண்டும். கணக்கு வீட்டுப்பாடம், கோ-கோ, பாட்டு, பேருந்தில் ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை என்று இவர்களுக்கும் ஏற்கெனவே இருக்கிறது. பொட்டுப் போனதோடு இவையும் போய்விட்டன என்று அவசரப்பட்டு நினைப்பதுதான் பெரிய இழப்பு. தோழி தன் சமயத்தைத் தவிர வேறெதுவும் பேசாமல் போவதற்கு, சில நேரம் மற்றவர்களும் அவளிடம் வேறெதுவும் பேசாமல் விட்டதும் காரணம்.

எனவே ஒரு தடவை உட்கார்ந்து பேசியாக வேண்டும். சுற்றி வளைக்காமல், வாட்ஸ்அப்பில் இல்லாமல், இருவர் மட்டும். “நீ நம்புறத நான் கேலி பண்ண மாட்டேன். யாராவது பண்ணாலும் விட மாட்டேன். ஆனா தினமும் கூப்பிடாத, எனக்கு உன்னப் பார்க்கவே பயமா இருக்கு. வரணும்னு தோணினா நானே சொல்றேன்.” இவ்வளவு போதும். இதில் கடினமான பகுதி இரண்டாவது வாக்கியம். வகுப்பில் அவளுக்கு “அல்லேலூயா” என்று பட்டப்பெயர் வைத்துச் சிரிக்கும்போது, அவள் இல்லாத நேரத்திலும் சிரிக்காமல் இருக்க வேண்டும். அதைச் செய்யாதவளுக்கு முதல் வாக்கியத்தைச் சொல்லும் தகுதி இல்லை.

மனம் ஒப்பாமல், நட்புக்காக மட்டும் கூட்டத்துக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு வருவது நல்ல வழியாகத் தோன்றலாம், அது நல்ல வழியல்ல. அந்தத் தோழிக்குக் கூட்டம் உயிர்நாடி. அதில் நடிப்பது அவளுக்கு வேண்டாத ஆசை காட்டுவது. என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆவலோடு போவதென்றால் தாராளமாகப் போகலாம், அதையும் சொல்லிவிட்டே போகலாம். “உனக்காக ஜெபம் பண்றேன்” என்று அவள் சொன்னால் கோபப்பட வேண்டியதில்லை. அவள் அறையில் அவள் கண்ணை மூடிக் கேட்பது யாருடைய கதவையும் உடைப்பதில்லை.

பேசிய பிறகும் அவள் மாறாவிட்டால்? பக்தியாக இருந்தது வெறுப்பாகத் திரும்பி, இன்னொரு சமயத்தாரைப் பற்றிய விஷமாக ஃபோனில் வந்து விழத் தொடங்கினால், அங்கே பொறுமைக்கு இடமில்லை. விலகுவது தவறாகாது. விலகலையும் நேர்மையாகச் செய்ய முடியும். ஆறுமுக நாவலர் சைவராக இருந்துகொண்டே யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்தார். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கித் தன் வழியில் போனார். அதற்குப் பின் மிஷனரிகளைக் கடுமையாக எதிர்த்தார். எதிர்த்ததனால் அந்தப் பழைய உழைப்பு பொய்யாகிவிடவில்லை.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வராது. அடுத்த தை வரும். படையலுக்கு முன் எதையும் எடுத்துவைக்க அந்த அம்மா ஒப்ப மாட்டாள், அது அவளுடைய நோன்பு. காணும் பொங்கல் அன்று ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ கட்டிக்கொண்டு போகும் புளியோதரை இருக்கிறது. அது சாமிக்கு வைத்ததில்லை. கேட்பதற்கு முன்னால் அதைச் சொல்லிவிட்டு டப்பாவை நீட்டலாம்.